நாலு மணி நேரம்தானே?

மார்ச் 2, 2025, ஞாயிறு

திங்கள், புதன், வெள்ளி என் முறை. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்றால், எப்படி மாற்றிப் போட்டாலும் ஓரிடத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் காலியாக நிற்கும். எனக்கு அது சனியும் ஞாயிறும். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளை வைத்து 2011-இல் வந்த ஓர் ஆய்வு, இந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில்தான் சாவும் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்வதும் அதிகம் என்று காட்டியது. படித்தபோது பெரிய பயம் ஒன்றும் வரவில்லை. 'அதானே' என்றுதான் தோன்றியது. ஞாயிறு சாயங்காலம் உடம்பில் நீர் தேங்கிச் செருப்பு இறுகும், படுத்தால் மூச்சு கொஞ்சம் கனக்கும். இதற்கு ஆய்வு வேறு வேண்டுமா?

எனக்குச் சிறுநீர் போவது அடியோடு நின்றுவிட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் ஓரளவு போய்க்கொண்டிருந்தது, அதற்கேற்ப ஒரு டம்ளர் தண்ணீர் அதிகமாகக் குடிக்கலாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. ஆனாலும் காலையில் எழுந்ததும் கால் தானாகக் கழிப்பறைப் பக்கம் போகிறது. போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. டயாலிசிஸ் ஹாலில் சொன்னேன், பாதிப் பேர் சிரித்தார்கள். அவர்களும் அப்படித்தானாம்.

மார்ச் 3, திங்கள்

எடை 61.2. என்னுடைய டிரை வெயிட் 58. அதாவது உடம்பில் மிகைநீர் இல்லாதபோது நான் இருக்கவேண்டிய எடை. ஆக 3.2 கிலோ, 3.2 லிட்டர். நாலு மணி நேரத்தில் எடுக்கவேண்டும்.

மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கிவிட்டது. அது வருவது எனக்கு முன்கூட்டியே தெரியும். முதலில் கொட்டாவி, ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் டிவி சத்தம் தூரமாகப் போகும். சட்டைக் காலருக்குள் சில்லென்று வேர்க்கும். "தம்பி" என்று கூப்பிடுவதற்குள் டெக்னீஷியன் வந்துவிட்டார். நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினார், நீர் எடுப்பதை நிறுத்தினார், சலைன் விட்டார். மூன்று மணி நேரம் பாடுபட்டு எடுத்த உப்புத்தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுகிறார்கள். இந்த வேடிக்கையை ரசிக்கும் நிலையில் நான் இல்லை, ஏனென்றால் அதற்குள் இடது கெண்டைக்காலில் குரக்களி பிடித்துவிட்டது. சதை கல்லாகிப் போய், கால்விரல்கள் தாமாகவே விரிந்துகொண்டன. டெக்னீஷியன் தன் உள்ளங்கையை என் பாதத்தில் வைத்து, "நல்லா அழுத்துங்க சார், என்னைத் தள்ளுங்க" என்றார். தள்ளினேன். ஒல்லியான பையன், அசையாமல் நின்றான்.

வீட்டுக்கு வந்து படுத்தவன் எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். போனில் சித்தப்பா: "நாலு மணி நேரம் உட்காருறதுதானே, அதுக்கா இவ்வளவு களைப்பு?" தூக்கம் வருகிறது சித்தப்பா என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

பக்கத்து நாற்காலிக்குப் புதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். கழுத்தில் கதீட்டர் (மெஷினோடு இணைக்கிற குழாய்), அதைக் கையால் மறைத்துக்கொண்டே இருந்தான். அடுத்த வாரம் ஃபிஸ்டுலா ஆபரேஷனாம், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைப்பது. "அது என்னண்ணே, வலிக்குமா?" என்று கேட்டான். என் இடது கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சைலன்ட்டில் போட்ட செல்போன் அதிர்கிறாற்போல் இருக்கும். தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அது அதிர்கிற வரைக்கும்தான் நல்லது, அதனால் தினமும் காலையில் தொட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும், அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக்கூடாது, அதன்மேல் தலைவைத்துத் தூங்கக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்காத குரலில், "இதுல எவ்வளவு நாள் இருக்கலாம்?" என்றான்.

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் பழைய கதையைத்தான் சொல்வது. 1960-க்கு முன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயைக் கீறித்தான் மெஷினில் போடவேண்டும். சில தடவையில் இடமே தீர்ந்துவிடும். சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர் டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தினார். அதில் டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் நோயாளி 11 வருஷம் இருந்தார். 1966-இல் ப்ரெஷியா, சிமினோ குழுவினர் தமனியையும் சிரையையும் கைக்குள்ளேயே இணைத்துக் காட்டினார்கள். உன் கையில் செய்யப்போவதும் அதைத்தான். இன்றைக்கு இருபது வருஷத்துக்கு மேல் டயாலிசிஸில் இருப்பவர்களும் உண்டு. எல்லாரும் அப்படி இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவனே ஹாலைச் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்வான். ஒரு நாற்காலியில் ஆள் மாறினால் இங்கே யாரும் காரணம் கேட்பதில்லை.

மார்ச் 7, வெள்ளி

மாத ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் உள்ள கழிவான யூரியா ஒரு டயாலிசிஸில் 71 சதவீதம் இறங்குகிறது (65 இருந்தால் போதும்). ஹீமோகுளோபின் 10.8. பொட்டாசியம் சரி. பாஸ்பரஸ் மட்டும் கூடுதல். சாப்பாட்டோடு சேர்த்துப் போடவேண்டிய மாத்திரையைச் சாப்பிட்டு முடித்தபின் போட்டால் அது சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடிக்காது என்று சிஸ்டர் மறுபடி ஒரு பாடம் எடுத்தார். முதுகில் ராத்திரி முழுக்க அரிக்கிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாமாம்.

"ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, அந்தத் தாளின்மேல். சோர்வுக்கு அதில் ஒரு கட்டம் கிடையாது. டயாலிசிஸ் ஆய்வுகளில் எதையெல்லாம் கட்டாயம் அளக்கவேண்டும் என்று நோயாளிகளையும் டாக்டர்களையும் சேர்த்துவைத்துக் கேட்ட சாங் என்ற சர்வதேச முயற்சியில், நோயாளிகள் ஆகத் தூக்கிப் பிடித்தது சோர்வைத்தான். டாக்டர்கள் சாவு விகிதத்தை முன்னே வைத்தார்கள். கடைசியில் இரண்டும் பட்டியலில் வந்தன. நியாயம்தான். எத்தனை வருஷம் இருப்பேன் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள், இன்றைக்குச் சாயங்காலம் நிமிர்ந்து உட்கார முடியுமா என்று நான் பார்க்கிறேன்.

மார்ச் 8, சனி

தூங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

மறுபடி 3.2 லிட்டர், மறுபடி பிரஷர். இந்த முறை டாக்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு மணிக்கு 800 மில்லி, 58 கிலோ உடம்புக்கு. கிலோவுக்கு மணிக்குச் சுமார் 13.8 மில்லி வருகிறது. 13-ஐத் தாண்டவேண்டாம் என்பது பொதுவான எச்சரிக்கை. மெஷின் ரத்தத்திலிருந்துதான் நீரை இழுக்கிறது. காலிலும் மற்ற சதையிலும் நிற்கிற நீர் மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வந்து சேரும். அது வருவதற்குள் நாம் இழுத்தால் பிரஷர் விழும், இதயமும் அடிவாங்கும்.

"நாலரை மணி நேரம் ஆக்கிடலாம். இல்லன்னா தண்ணியைக் குறைங்க."

தண்ணியைக் குறை என்பதை நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! உப்பைக் குறைத்தால் தாகம் தானே குறையும், அது உண்மை, செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ராத்திரி மூன்று மணிக்கு, ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு அது கரைவதற்குள் தூங்கிவிட முடியுமா என்று பார்ப்பவனிடம் சொல்ல அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். மறுத்துப் பேசவில்லை.

அரை மணி என்பது சின்ன விஷயம்போல் தெரியும். எனக்கு அப்படி இல்லை. ஏற்கெனவே போக, வர, எடை பார்க்க, ஊசி குத்த, எடுத்தபின் ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்திருக்க என்று ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் ஆறு மணியாகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

உலகச் சிறுநீரக நாள். நேற்றே ஹாலில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். இந்த ஆண்டு வாசகம், 'உங்கள் சிறுநீரகங்கள் நலமா?' அதை எங்கள் நாற்காலி வரிசைக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டியவருக்கு என்ன தோன்றியதோ. முதல் நாற்காலி அம்மா, "நலம், நலமறிய ஆவல்" என்றார். ஊசி குத்தியிருக்கும் கையை ஆட்டாமல் சிரிப்பது தனி வித்தை.

மார்ச் 17, திங்கள்

நாலரை மணி நேரம். கடைசி அரை மணி போகவே இல்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஷிப்டு ஆள் வாசலில் வந்து நின்று, "இன்னும் முடியலையா சார்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். அவர் நேரமும் இதனால் தள்ளிப்போகிறது. அதை டாக்டர் கணக்கில் எழுதவில்லை.

ஆனால் கொட்டாவி வரவில்லை. காலும் இழுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றி, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன், அப்புறம்தான் படுத்தேன். ஒரு நாளை வைத்து எதுவும் சொல்லக்கூடாதுதான்.

மார்ச் 19, புதன்

"மூணு நாளும் நாலரை வச்சுக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார். திங்களுக்கு மட்டும் சரி என்றேன். புதனும் வெள்ளியும் எடை அவ்வளவு ஏறுவதில்லை, நாலு போதும் என்பது என் வாதம். நீர் மட்டுமா, பாஸ்பரஸும் அதிக நேரத்தில்தான் அதிகம் போகும் என்பது அவர் வாதம். அடுத்த மாத ரிப்போர்ட் வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம். டெக்னீஷியன் பையன் இப்போதே அட்டவணையில் பென்சிலால் குறித்துவைத்துவிட்டான்.