கசடு தெளிய மூன்று நாள்

2024 ஜனவரி 4

செக்கில் ஆட்டித் தெளிய வைத்த தேங்காய் எண்ணெய் இரண்டு பாத்திரமும் உறைந்து கிடக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும். ஆனால் தெளிவதற்குள் உறைந்துவிட்டால் கசடும் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். பதினொரு மணி வெயிலில் வைத்து முழுக்க உருகவிட்டு, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். மார்கழியிலும் தையிலும் வாய் குறுகிய பாட்டிலில் தேங்காய் எண்ணெய் ஊற்றக் கூடாது. வாங்கினவர் கத்தியை விட்டுக் குடைந்து பார்த்துவிட்டு, "எண்ணெயில் என்னமோ கலந்திருக்கு" என்று திருப்பிக் கொண்டு வருவார். இந்த இரண்டு மாதமும் அகலவாய் ஜாடிதான்.

ஜனவரி 5

இரண்டாவது செக்குக்குக் கேட்ட கடன், வங்கியிலிருந்து ஒன்றும் இல்லை.

ஜனவரி 8

சேவூர் நிலக்கடலை ஏலம். காயாகத்தான் வருகிறது. நல்ல காய் 100 கிலோ உடைத்தால் 68, 70 கிலோ பருப்பு நிற்கும். பொக்கு (பருப்பு பிடிக்காத காய்) அதிகமென்றால் 62-க்கு இறங்கிவிடும். மூட்டையின் மேல்வாயில் மட்டும் பார்த்து விலை சொன்னால் தோற்றுப்போக வேண்டியதுதான். நடுவிலும் அடியிலும் கையை விட்டு ஒரு கிலோ எடுத்து, அங்கேயே உடைத்து நிறுத்துப் பார்ப்பதே சரி.

உடைத்த பருப்பாக வாங்கினால் வேலை மிச்சம். ஆனால் பருப்பு ஈரத்தை இழுக்கும், வண்டு விழும். காய் மாதக்கணக்கில் தாங்கும், இடத்தைத்தான் இரண்டு மடங்கு அடைக்கும். பச்சை, கறுப்புப் பூசணம் படிந்த பருப்பைக் கையால் பொறுக்கியே ஆக வேண்டும். பூசணத்தின் விஷம் கண்ணுக்குத் தெரியாது, பொறுக்கும் கூலியை மிச்சம் பிடிக்கிறவருக்குத் தெரிந்தாலும் தெரியாத மாதிரிதான்.

ஜனவரி 11

கடலை. 20 கிலோ ஈடு (ஒரு தடவை உரலில் போடுவது), 7.6 லிட்டர். 8 வந்திருக்க வேண்டும்.

ஈரம். வேறு எதுவும் இல்லை. நேற்று மேகமூட்டம், பருப்பு அரைக் காய்ச்சலிலேயே உரலுக்குப் போய்விட்டது. ஈரப் பருப்பு மாவாகாமல் களியாகத் திரண்டு உலக்கையோடு சுற்றும், நுரைக்கும், எண்ணெய் கலங்கி வரும், கசடும் இரட்டிப்பு. அதிகம் காய்ந்துவிட்டாலும் வம்பு: தூளாகப் பறந்து பிடிமானம் இல்லாமல் போகும். அப்போது ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லி, ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தரமாகத் தெளித்தால் சேரும். ஒரு பருப்பை இரண்டு விரலால் ஒடித்துப் பார்த்தாலே தெரியும். "டிக்" என்று ஒடிந்து, தோல் தானாக உதிர்ந்தால் போடலாம். வளைந்தால் வேண்டாம்.

ஒரு நாள் ஆட்டும் 100 கிலோவுக்கு 2 லிட்டர் குறைந்தால் லிட்டர் 300 என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 600 ரூபாய். மாதம் 26 நாள் ஆட்டினால் 15,600. ஒரு ஆள் சம்பளம் ஈரத்தில் போகிறது.

ஜனவரி 13

பொங்கலுக்கு நான்கு நாள் செக்கு நிற்கும். உரலை வெறுமனே விட்டால் வாகை மரம் வாய் பிளக்கும். உள்சுவரில் எண்ணெய் தடவி, இரண்டு படி புண்ணாக்கைக் கொட்டி, சாக்கு போட்டு மூடியாயிற்று.

ஜனவரி 22

இரண்டாவது செக்கு. நான்கு மாதமாக எல்லாரும் இயந்திரத்தின் விலையைத்தான் கேட்கிறார்கள். விலை கிடக்கட்டும், கடலைக்குப் போட்ட பணம் திரும்பி வர எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏலம் வாரத்துக்கு ஒரு நாள், அதனால் கையிருப்பு 7 நாள். காயவைத்து ஆட்ட 2. தெளிய 3. பாட்டிலில் அடைத்து வண்டியேற்ற 3. கடைக்காரர் பணம் தர 30. மொத்தம் 45 நாள், அதில் வேலை நாள் 39 இருக்கும். பருப்பு கிலோ 120 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு 12,000. புண்ணாக்கு 60 கிலோ, 45 ரூபாய் வீதம் 2,700 அன்றே கைக்கு வந்துவிடும். மீதி 9,300. அதை 39-ஆல் பெருக்கினால் 3,62,700. இவ்வளவு பணம் எப்போதும் முடங்கிக் கிடக்கும்.

செக்கின் விலை அதற்குப் பிறகுதான். கூலி, மின்சாரம், பாட்டில் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. ஆர்டர் பெருகி, வேலை பெருகி, ஒரு நாள் திங்கட்கிழமை ஏலத்துக்குப் போகக் கையில் காசு இல்லாமல் நின்ற செக்குகள் இந்தப் பக்கம் நிறைய. விற்காமல் நின்றவை அவற்றில் குறைவு.

ஜனவரி 23

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. புண்ணாக்குக் காசைக் கழித்த பிறகும் லிட்டருக்குப் பருப்பு மட்டும் 232 ரூபாய் 50 காசு. 200 ரூபாய்க்கு "மரச்செக்கு" என்று விற்கிறவர் எதை ஆட்டுகிறார்?

ஜனவரி 30

புண்ணாக்கு தேங்கிவிட்டது. செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சமிருக்கும். மாடு விரும்பித் தின்னும், ஆனால் காறலும் சீக்கிரம் வரும். சூடு ஆறுவதற்குள் மூட்டை கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஒரு ராத்திரி தரையில் பரப்பி ஆறவைத்து, பத்து நாளுக்குள் தள்ளிவிட வேண்டும். மழைக்காலத்தில் பசும்புல் வந்துவிட்டால் கேட்க ஆள் இருக்காது.

பிப்ரவரி 2

மின்கணக்கு. 3 குதிரைத் திறன் மோட்டார் 2.2 கிலோவாட். செக்கு இரண்டு, கடலை உடைக்கும் இயந்திரம், கொப்பரை வெட்டும் இயந்திரம், பம்பு, விளக்கு எல்லாம் சேர்த்தாலும் 10-க்குள் அடங்கும். 12 கிலோவாட்டைத் தாண்டாமல் இருக்கும்வரை குறுந்தொழில் கட்டணம். போன வருடக் கடைசியில்தான் அந்தச் சலுகை சரியாக வந்தது. ஆசைப்பட்டு 5 குதிரைத் திறன் போடச் சொல்கிறார் பட்டறைக்காரர். மரச்செக்கு நிமிடத்துக்குப் பதினைந்து சுற்றுக்குள் ஓடினால் போதும். வேகம் கூடினால் எண்ணெய் சுடும். சுட்டால் அதற்குப் பெயர் எதற்கு மரச்செக்கு?

பிப்ரவரி 9

எள்.

20 கிலோ எள்ளுக்கு 1 முதல் 1¼ கிலோ கருப்பட்டி. எள் உடைந்து மாவான பிறகுதான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் உலக்கையில் ஒட்டிக்கொண்டு சுற்றும். கருப்பட்டி மாவைச் சேர்த்துப் பிடிக்கும், எண்ணெய் பிரியும், கசப்பும் அடங்கும். தேங்காய் ஆட்டிய உரலில் எள் போட்டால் முதல் இரண்டு ஈடும் இரண்டுமில்லாத வாசனை. ஒரே செக்கில் மூன்று எண்ணெய் எடுக்கிறோம் என்று பெருமை பேசுகிறவர்கள் அந்த இரண்டு ஈட்டை எங்கே ஊற்றுகிறார்கள் என்று சொல்வதில்லை.

பிப்ரவரி 14

லேபிள் திரும்ப அச்சுக்குப் போகிறது. 1 லிட்டர் என்று மட்டும் போட்டால் இப்போது போதாது, எடையும் வேண்டும்: 910 கிராம். வெப்பநிலை எழுதக் கூடாது. முன்பு "60 டிகிரியில் 1 லிட்டர்" என்று எழுதிப் பத்திருபது கிராமைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், அதற்காக வந்த விதி. 14 இலக்க உணவு உரிம எண், பச்சைப் புள்ளி, தொகுப்பு எண், தேதி, எல்லா வரியும் சேர்த்த விலை. எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பாட்டிலுக்கு 18. அந்த வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்க 2022 ஜூலை 18-லிருந்து வழியில்லை. பாட்டில் விலையில் சேர்த்துக்கொண்டு பேசாமல் போக வேண்டியதுதான்.

பிப்ரவரி 20

வங்கி. "அடுத்த வாரம் பாருங்க."

உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் மானியம் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம், சொந்தப் பணம் 10 சதவீதம். பலரும் நினைப்பதுபோல் மானியம் கைக்கு வராது. கடன் கணக்கோடு மூன்று வருடம் கட்டிக் கிடந்து, தவணை ஒழுங்காகப் போனால்தான் கழியும். அதுவும் இயந்திரத்துக்கு. கடலை வாங்கக் கிடையாது. அந்த 3,62,700 அப்படியே நிற்கிறது.

பிப்ரவரி 21

அதே 45 நாள்.

பிப்ரவரி 27

வடிகட்டும் இயந்திரம் போட்டால் தெளியும் 3 நாள் மிச்சம். கணக்குப் போட்டால் 25,000 ரூபாய்க்கு மேல் விடுபடாது, பாத்திரம் வைக்கும் இடம் மிச்சமாகும், அவ்வளவுதான். துணியில் வடிகட்டினாலே "ரீஃபைண்டா?" என்று கேட்பார்கள். அடியில் கொஞ்சம் கசடு கிடந்தால்தான் நம்புகிறார்கள். கசடு கிடந்தால் எண்ணெய் சீக்கிரம் காறும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று.

மாற வேண்டியது கடைக்காரரின் 30 நாள். அது 15 ஆனால் 1,20,000 விடுபடும்.

மார்ச் 5

வழக்கத்துக்கு மாறாகக் கடைக்காரர்களே கூப்பிட்டுத் தாங்கள் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்கிறார்கள்! வருமான வரியின் புதுப் பிரிவு, 43பி(எச்). குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் (எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15) பணம் கொடுக்காமல் மார்ச் 31-ஐத் தாண்டினால், அந்தச் செலவை இந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. பில்லின் மேலே உத்யம் எண் (குறு, சிறு தொழில் பதிவு எண்) இருப்பது முக்கியம். போன ஏப்ரலிலேயே அச்சடித்திருக்க வேண்டியது.

மார்ச் 7

சந்தோஷப்பட்டது அவசரம். இரண்டு கடை சரக்கையே திருப்பி அனுப்பிவிட்டது. "ஏப்ரல்ல புதுசா பில் போடுங்க." இன்னொருவர் உத்யம் எண் இல்லாத பில் கேட்கிறார். 62 லிட்டர் திரும்பி வந்து, தேதி ஒரு மாதம் பழசாகி நிற்கிறது.

மார்ச் 12

கூலிக்கு ஆட்டுவது. அவர்கள் கடலை, அவர்கள் எண்ணெய், நமக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. புண்ணாக்கை விட்டுவிட்டுப் போனால் கூலியில் கழிவு. முதலீடு ஒரு பைசா வேண்டாம், பாக்கி இல்லை, லேபிள் இல்லை. பாட்டிலும் அட்டைப்பெட்டியும் வந்தபிறகு இதைப் பழங்காலத்து வேலை என்று ஒதுக்கியாயிற்று. இரண்டாவது செக்கை முதல் வருடம் முழுக்கக் கூலிக்கே ஓட்டினால்? அந்த 45 நாள் என்பது 0.

ஒரே சிக்கல், ஈரம். அவரவர் வீட்டுக் கடலை அவரவர் பதத்தில் வரும். 20 கிலோ கொண்டு வந்து 7 லிட்டரோடு போகிறவர் செக்கைத்தான் திட்டுவார். வாசலிலேயே ஒடித்துக் காட்டிவிட வேண்டும்.

மார்ச் 18

சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். 50,000-க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். ஏலத்துக்குப் போகும் பணத்துக்கு வங்கியில் எடுத்த சீட்டும் பழைய கொள்முதல் ரசீதும் பையிலேயே இருக்கட்டும். ஏலத்தில் ஆள் குறைவு.

மார்ச் 19

வங்கி மேலாளருக்குத் தேர்தல் பணி.

மார்ச் 26

உச்சி வெயில். பருப்பு ஒரே பகலில் காய்ந்துவிடுகிறது. 20 கிலோவுக்கு 8.1. இனி தண்ணீர்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 28

மூன்றாவது, நான்காவது பாத்திரம் தெளிந்துவிட்டது. ஐந்தாவது நாளைக்கு. காலையில் கூலிக்கு இரண்டு பேர் வருகிறார்கள், 40 கிலோ.