துப்பாக்கி மலிவுதான், தோட்டா?

அமெரிக்காவில் பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளை விலை குறைவு என்பதற்காக வாங்க நினைப்பவர்கள், துப்பாக்கியின் விலையைவிட அது எந்தத் தோட்டாவைக் கேட்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். சோவியத் கைத்துப்பாக்கியான டோக்கரேவும் செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் 52உம் 7.62×25 மி.மீ. தோட்டாவைச் சுடுபவை. வேகம் மிகுந்த அந்தத் தோட்டா, ராணுவ இருப்பிலிருந்து பெட்டி பெட்டியாக மலிவாகக் கிடைத்த காலத்தில் அவற்றை வாங்கியதில் நியாயம் இருந்தது. ஆனால் அத்தோட்டாக்களில் பலவும் சுட்ட பிறகு குழாயில் உப்பைப் படியவிடுபவை என்பதால், உடனே நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடித்துவிடும். சோம்பேறிகளுக்கு உகந்ததல்ல.

1951இல் சோவியத் ராணுவம் ஏற்றுக்கொண்ட மக்கரோவ் கைத்துப்பாக்கியின் தோட்டா 9×18. பெயரில் 9 என்று இருந்தாலும் அதன் குண்டின் விட்டம் ஏறத்தாழ 9.27 மி.மீ.; எங்கும் கிடைக்கும் 9×19 பாராபெல்லம் தோட்டாவின் குண்டோ 9 மி.மீட்டரை ஒட்டியது, ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்த முடியாது. 2021இல் ரஷ்யத் தோட்டாக்களுக்கான புதிய இறக்குமதி அனுமதிகளை அமெரிக்கா கட்டுப்படுத்தியது, இந்த அளவை நம்பியிருந்தவர்களுக்கு நல்ல செய்தியல்ல.

ஏழு தோட்டா கொள்ளும் நாகன்ட் சுழல் துப்பாக்கி, அதற்கே உரிய 7.62×38 தோட்டாவைக் கேட்பதால், சேகரிப்பாளர்களுக்கே பொருந்தும். மக்கரோவின் அதே 9×18 தோட்டாவைச் சுடும், பன்னிரண்டு தோட்டா கொள்ளும் சிஇசட் 82, அமைப்பில் மக்கரோவைவிட எனக்குப் பிடித்தது. ஆயினும் அடிக்கடி சுட்டுப் பழக விரும்புபவருக்கு நான் சொல்வது, ஸ்பெயினின் சிவில் காவற்படை பயன்படுத்திய ஸ்டார் பிஎம். அது கேட்பது சாதாரண 9×19 தோட்டாதான்.