முதல் வரியை யார் நிரூபித்தது?

ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிறேன். இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை முடிவாக எடுக்கும் நியாயத்தொடை தொடங்கினால் கரும்பலகையில் முதலில் ஏறுவது எப்போதும் இதுதான்: எல்லா மனிதரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர், ஆகவே சோக்கிரட்டீஸ் இறப்பவர். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். இந்தமுறை பின்வாங்கிலிருந்து ஒருவன், "டீச்சர், அந்த முதல் வரிய யார் நிரூபிச்சது?" என்று கேட்டான்.

2,300 வருஷத்துக்கு முன் அரிஸ்டோட்டில் மல்லுக்கட்டிய கேள்வி இது. ஒவ்வொரு வரிக்கும் நிரூபணம் கேட்டால் ஒன்று, முடிவில்லாமல் பின்னுக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரவேண்டும். அதனால் அடிப்படை வரிகள் நிரூபணத்தால் கிடைப்பதில்லை என்றார் அவர். புலனில் பட்டது ஞாபகத்தில் தங்குகிறது, ஞாபகம் சேர்ந்து அனுபவமாகிறது, அதிலிருந்து பொதுவான ஒன்று பிடிபடுகிறது. அதைப் பிடிக்கும் புத்திக்கு அவர் வைத்த பெயர் நூஸ்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். தன் ஒழுக்கவியல் நூலின் ஆறாம் பகுதியில் அதே நூஸை மறுமுனைக்கும் கொண்டுபோகிறார். இந்த இடத்தில், இந்த நேரத்தில் என்ன செய்வது என்று கண்டுகொள்வதும் அதுதானாம். அனுபவப்பட்டவர்களும் மூத்தவர்களும் நிரூபணமில்லாமல் சொல்வதையும் கவனியுங்கள், அனுபவம் அவர்களுக்கு ஒரு கண்ணைக் கொடுத்திருக்கிறது என்கிறார்.

என் சித்தப்பா தலவாக்கலைப் பக்கம் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தேயிலைத்தூளாக்கும் தொழிற்சாலையில், வேலை செய்தவர். ரோலரில் அரைபட்ட கொழுந்தை விரித்துப் போட்டால் பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும். (நொதித்தல் என்று சொன்னாலும் உண்மையில் அது ஒட்சியேற்றம்.) பச்சிலை வாடை மெல்ல மாறி ஒரு பழ வாசனை வரும். அந்தப் பதத்தில் அடுப்புக்கு ஏற்றவேண்டும். முந்தினால் தேத்தண்ணி பச்சையாகக் கசக்கும், பிந்தினால் சப்பென்று போய்விடும். மழை நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு வேறு கணக்கு. சுவரில் மணிக்கூடு இருந்தது, வெப்பமானியும் இருந்தது. சித்தப்பா ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் அழுத்தி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். "இப்ப ஏத்து" என்பார். ஏன் என்று கேட்டால், "மோந்து பாரு" என்று கையை நீட்டுவார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

சைவ சித்தாந்தத்தில் மனம் இதுவோ அதுவோ என்று தடுமாறும். இதுதான் என்று நிச்சயிப்பது புத்தி. "இப்ப ஏத்து" அந்த இடம். ஆனால் அங்கே புத்தி பிரகிருதி என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றிய சடம், தானாக அறியாத வெறும் கருவி. அதைக்கொண்டு அறிவது ஆன்மா. அரிஸ்டோட்டிலோ நூஸ் உடலோடு கலக்காதது என்கிறார். இதில் நான் நம்மவர் பக்கம். கருவி என்றால் பழகப் பழகக் கூராகும், எவரிடமும் இருக்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அனுபவத்தின் கண்ணைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்ன அதே மனுஷன், ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல் அடிமைக்கு அறவே இல்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். தோட்டத்திலும் இதே பங்கீடுதான். யோசிக்கிறது தோட்டத்தை நடத்தும் துரை வேலை, தூக்குகிறது நம்ம ஆள் வேலை. சித்தப்பா ஏத்தச் சொன்ன நேரத்துக்குத்தான் ஏற்றினார்கள். அந்த நேரத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் வேறொருவர்.