சில்லுமூக்கு உடைந்த ராத்திரி

தை மாதக் காற்றைப் பற்றிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து அடிக்கிற அந்த வறட்டுக் காற்றில் உதடு வெடிக்கும், மூக்குக்குள் பொருக்குத் தட்டும். அப்பாவுக்கு அதை நகத்தால் நோண்டுகிற பழக்கம் வேறு. இதயத்துக்காக ரத்தம் சீக்கிரம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைச் சாப்பிடுகிறார் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஒரு ராத்திரி சில்லுமூக்கு உடைந்து மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்ததும் நான் செய்த முதல் காரியமே தப்பு: "அண்ணாந்து படுங்கப்பா" என்றேன். பக்கத்து வீட்டு அத்தை வெங்காயத்தை நசுக்கி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். தொண்டை வழியாக இறங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டி, அப்பா கறுப்பாக வாந்தி எடுத்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்ன முதல் வார்த்தை, "தல பொக்கல்லே." தலையைத் தூக்காதீங்க என்று மலையாளத்தில். உட்காரவைத்து, தலையை முன்னால் குனியவைத்து, வாயால் மூச்சு விடச் சொல்லி, மூக்கின் எலும்புக்குக் கீழே இருக்கிற மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தார். நானும்தான் வீட்டில் பிடித்தேன், ஆனால் மேலே எலும்பில், அதுவும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு. விடாமல் 10, 15 நிமிடம் பிடிக்க வேண்டுமாம். பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் வருவது மூக்கின் நடுச்சுவரில் முன்பக்கத்து ரத்தக் குழாய்ப் பின்னலில் இருந்துதான், அதனால் அதிலேயே நின்றுவிடும். அப்பாவுக்கு மாத்திரையின் புண்ணியத்தில் நிற்கவில்லை.

அப்புறம்தான் பேக், அதாவது மூக்குக்குள் திணித்து அடைப்பது. முன்பெல்லாம் வாஸ்லின் தடவிய காஸ் துணி நாடாவை மடித்து மடித்துத் திணிப்பார்கள், பிஸ்மத்தும் அயடோஃபார்மும் கலந்த மஞ்சள் பசை தடவிய நாடாவும் உண்டு. அப்பாவுக்கு வைத்தது மெரோசெல், காய்ந்த அட்டை மாதிரி விரல் நீளத்துக்கு ஒரு பஞ்சு. உள்ளே தள்ளிச் சலைன் என்கிற உப்புநீரை விட்டதும் ஊதிப் பெருத்து, உள்ளிருந்தே அழுத்திக்கொள்கிறது. காற்றடித்து உப்பவைக்கும் பலூன் வகையும், தானே கரைந்துபோகிற ஜெலட்டின் பஞ்சும்கூட இருக்கிறதாம். பஞ்சின் நூலைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். "தாத்தாவுக்கு மூக்குல வால்" என்று என் மகள் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். நான் பயந்ததே இதற்குத்தான், காய்ந்த பஞ்சை அப்படியே இழுத்தால் புண்ணையும் பெயர்த்துக்கொண்டு வரும். டாக்டர் சலைன் விட்டு நன்றாக ஊறவைத்து மெதுவாக உருவினார். இதை வீட்டில் நாமே இழுத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். மாத்திரையையும் நாமாக நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் கேட்டுத்தான்.

ஒரு வாரம் மூக்கைச் சீந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து பாரம் தூக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் அப்பா தலையாட்டினார். சூடாக எதுவும் குடிக்கக்கூடாது என்றபோதுதான் முகம் மாறியது. ஆறிப்போன காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு, "இதுக்கு அந்தப் பஞ்சே தேவலை" என்றார்.