காஷுவாலிட்டியில் வந்த வரிசை செல்லாது

பழைய காஷுவாலிட்டி எப்படி இருக்கும் என்று நிறையப் பேருக்குத் தெரியும். ஒரு மேசை, ஒரு டூட்டி டாக்டர், அவரைச் சுற்றி ஒரு கூட்டம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்த இடங்களில் அந்த மேசைக்கு முன்னால் இன்னொரு மேசை வந்துவிட்டது. அதுதான் ட்ரையாஜ். ஆம்புலன்ஸ் நிற்கும் வாசலை ஒட்டியே இருக்கும். அங்கே வைத்தியம் நடக்காது. யாரால் காத்திருக்க முடியாது என்று பிரிப்பதுதான் அங்கே வேலை.

நாடி, பிரஷர், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, நினைவு. ஓரிரு நிமிடத்தில் இதைப் பார்த்து சிவப்பு (உடனே பார்க்கணும்), மஞ்சள் (கொஞ்சம் பொறுக்கலாம்), பச்சை (காத்திருக்கலாம்) என்று பிரித்துவிட வேண்டும். பக்கவாதம் போல வாய் கோணி வந்தவருக்கு விரலில் குத்திச் சர்க்கரையும் பார்க்கணும். சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் கை கால் விழலாம். அதைப் பார்க்காமல் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினால் நேரம் வீண்.

ரத்தம் சொட்ட வருபவரை யாரும் தவறவிடுவதில்லை. தப்பு நடப்பது நடந்து வருபவரிடம். அரளி விதை அரைத்துக் குடித்தவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். விஷம் இதயத்துடிப்பைக் குலைப்பது இ.சி.ஜி.யில்தான் தெரியும். வயதான சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் வெறும் வியர்வையும் அசதியுமாக இருக்கலாம். வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்ற விதி இவருக்கும் சேர்த்துத்தான். பச்சை கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தவரையும் இடையிடையே எழுந்து போய்ப் பார்க்கணும். இதைத்தான் பரபரப்பில் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

பாம்புக்கடியும் அப்படித்தான். புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம்; தேவையில்லாத விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏறிவிடும். உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியில் ரத்தம் உறையும், இமைதான் இறங்கும்.

சிவப்புப் பகுதியில் இதயம் நின்று வந்தவரைச் சுற்றி டாக்டர், நர்ஸ் எல்லோருக்கும் ஆளுக்கொரு இடம், ஒரு வேலை. தலைமாட்டில் நிற்பவருக்கு மூச்சுக்குழாய், பக்கத்தில் ஒருவருக்கு நெஞ்சழுத்தம், கைப்பக்கம் நர்ஸுக்கு ஊசியும் மருந்தும். தலைமை தாங்குபவர் கால்மாட்டில், எதையும் தொடாமல். அவரும் குனிந்து குழாய் போட ஆரம்பித்தால் மானிட்டரைப் பார்க்க ஆள் இருக்காது. "அட்ரினலின் 1 மில்லிகிராம்" என்று அவர் சொன்னால், "அட்ரினலின் 1 மில்லிகிராம் போட்டாச்சு, 3 மணி 12" என்று பதில் வரணும். அடுத்த டோஸ் 3 முதல் 5 நிமிடத்தில் என்பதால் அந்த 12-தான் முக்கியம். ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேடு எழுதுவது, போலீஸுக்குத் தகவல் எல்லாம் பிறகு. அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் பேர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தவும் முடியாது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமே அதைச் சொல்கிறது.

இடம் இல்லை என்று திணறும்போது எல்லோரும் வாசலைத்தான் பார்க்கிறார்கள். அடைப்பு பெரும்பாலும் பின்பக்கம். அட்மிஷன் போட்டும் வார்டில் கட்டில் கிடைக்காதவர் மஞ்சள் பகுதியிலேயே கிடப்பார். அவரைப் பார்க்கும் நர்ஸ் புதிதாக வருபவரை எப்படிப் பார்ப்பார்? இங்கே இன்னும் நான்கு ட்ராலி வாங்கிப் போட்டால் தீரும் விஷயமில்லை இது.

ஷிஃப்ட் மாறும்போது க்ராஷ் கார்ட்டை, அதாவது அவசர மருந்தும் கருவியும் வைத்த வண்டியை, திறந்து பார்ப்பது சலிப்பான வேலைதான். மூச்சுக்குழாய் போடத் தொண்டையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா, சளி உறிஞ்சும் சக்ஷன் உண்மையிலேயே இழுக்கிறதா? கையோடு ஆக்சிஜன் சிலிண்டர் மீட்டரையும் பார்த்துவிடணும். முழு பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம் வரும். முள் கால்வாசியில் நின்றால் 40 நிமிடம்கூட வராது, அதற்குள் நோயாளியோடு சி.டி. அறை வாசலில் காத்திருப்பதும் அடங்கும். திறக்கும் சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டி வையுங்கள்.