சொங்கோக் கடையும் பதின்மூன்று வயதும்: பினாங்கில் ஒரு குறும்படம் எடுக்க

இந்துப் பையன் ஒருவன், வயதான தமிழ் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், இருவருக்கும் இடையே வளரும் நட்பு. ஜார்ஜ்டவுனில் படம் எடுக்க நினைக்கும் பலரிடம் இந்தக் கதை இருக்கிறது. கதை நல்ல கதை. ஆனால் எழுதும்போது பத்தாம் பக்கத்திலேயே பாய் நல்லிணக்கம் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார், படம் அங்கே நின்றுபோகும். மதத்தை வசனத்திலிருந்து எடுத்துவிட்டு, கடை திறக்கும் நேரத்திலும் மூடும் நேரத்திலும் வையுங்கள். நட்பை வேலையில் வையுங்கள்.

அதனால் முதலில் கடைக்கு ஒரு தொழில் வேண்டும். பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் வழிவழியாகச் செய்துவரும் சொங்கோக் தையலை, அதாவது மலாய் ஆண்கள் அணியும் கறுப்புத் தொப்பி தைப்பதை, நான் பரிந்துரைப்பேன். வெளியே கறுப்பு வெல்வெட், உள்ளே சாட்டின், நடுவில் விறைப்புக்கு அட்டையோ பழைய நாளிதழோ. தலையைச் சுற்றி நாடா வைத்து அளப்பது, வெட்டுவது, பக்கச் சுவரைத் தைப்பது, மேல்தட்டைப் பொருத்துவது என்று ஒவ்வொன்றும் கேமராவுக்குத் தெளிவாகத் தெரியும் வேலை. பையன் முதலில் நூல் நறுக்குவான், காகிதம் மடிப்பான். பிறகுதான் கத்தரிக்கோல் கைக்கு வரும். வெல்வெட்டின் இழை ஒரு திசையில் படுத்திருக்கும். எல்லாத் துண்டையும் அதே திசையில் வெட்டாவிட்டால், தைத்து முடித்தபின் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சாம்பல் பூத்தாற்போலவும் தெரியும். பையன் செய்யும் பெரிய தவறு இதுவாக இருக்கட்டும். ஒரு வரி வசனம்கூட இல்லாமல் பார்ப்பவருக்குப் புரியும், பக்கவாட்டு வெளிச்சம் இருந்தால். நேர் எதிரே விளக்கு வைத்தால் வெல்வெட் வெறும் கறுப்புப் பள்ளமாகிவிடும்.

இந்தத் தொழிலில் இன்னொரு நன்மை உண்டு. பாய் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பார், பையன் பக்கத்தில் நிற்பான். இருவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்துவிடும். பெரியவரை அண்ணாந்தோ சிறுவனைக் குனிந்தோ பார்க்கும் கோணம் தேவையே இல்லை.

பையனுக்குப் பதின்மூன்று வயது ஏன் என்றால், தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயது அது. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் படிவம் 1-க்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பு. பழைய நண்பர்கள் சிதறிப்போன அந்த ஆண்டில் அவன் கடைப்பக்கம் ஒதுங்குவது இயல்பாக இருக்கும். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று நடக்கும் கதையில் அந்த முடிவுக்காகக் காத்திருக்கும் காட்சியை வைக்காதீர்கள்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதையும் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். நோன்பு மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, நோன்பு அதே மாதம் பிற்பாதியில் தொடங்கியது. பெருநாளுக்கு முந்தைய வாரங்களில்தான் சொங்கோக் கடைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆக, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இரதம் போன களைப்பு தீர்வதற்குள் பையனுக்குக் கடையில் உண்மையான வேலை காத்திருக்கும். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு ஓடி வருகிறான், கடை சாத்தியிருக்கிறது, பாய் ஜும்மாவுக்குப் போயிருக்கிறார். அவன் அஞ்சடியில், கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், உட்கார்ந்து காத்திருக்கிறான். மதம் பற்றிய காட்சி இவ்வளவு போதும்.

உணவில் பலர் சறுக்குகிறார்கள். பையன் கோயில் பிரசாதம் கொண்டுவர, பாய் மகிழ்ந்து சாப்பிடுவதாக எழுதுவார்கள். தெய்வத்துக்குப் படைத்ததைப் பெரும்பாலான முஸ்லிம்கள் உண்ண மாட்டார்கள். பாய் வாங்கினாலும் பொய், மறுத்தாலும் கதை தேவையில்லாமல் மோதலுக்குப் போகும். படைக்காத பலகாரத்தை அம்மா தனியே எடுத்து வைத்துக் கொடுத்தனுப்பட்டும். அந்த அம்மா யார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது ஒரே டப்பாவில் தெரிந்துவிடும். அதேபோல் பாய் வாங்கித் தரும் நோன்புக் கஞ்சியில் இறைச்சி இருக்கிறதா என்று சனிக்கிழமை விரதம் இருக்கும் பையன் கேட்கத்தான் செய்வான்.

நடிகனைத் தேடும்போது குரலைக் கவனியுங்கள். இந்த வயதில் குரல் உடையும். வார இறுதிகளில் மட்டும் எடுத்து மூன்று மாதம் இழுத்தால், முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் வேறு பிள்ளை பேசுவதுபோல் இருக்கும். பின்னால் டப்பிங் செய்தும் சரிக்கட்ட முடியாது. ஒவ்வொரு நாளும் படப்பிடிப்பு முடிந்ததும், வசனம் முழுவதையும் அதே இடத்தில் கேமரா இல்லாமல் ஒருமுறை பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், மூன்று மணி நேரத்துக்கொருமுறை அரைமணி ஓய்வு. அப்படியானால் பிரதியில் நாளுக்கு மூன்று நான்கு பக்கம்தான் நகரும். 15 நிமிடப் படத்துக்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள்.

வெளிச்சம்: பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, ஒன்றேகால் வாக்கில். 11 முதல் 4 வரை தெருவில் நின்றால் கண்குழியில் நிழல் விழும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வெயில் நேர் தலைமேல் நிற்கும். அந்த நேரத்தை அஞ்சடிக்குள் எடுங்கள், தெருப்பக்கமிருந்து மென்மையாக வெளிச்சம் வரும். மாலை 6.30-க்கு மேல் தெருவுக்கு வாருங்கள். கடையில் பழைய குழல்விளக்கு இருந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 வினாடியில் வையுங்கள். 24 பிரேமில் 180 டிகிரி ஷட்டர் வைத்தால் 1/48 ஆகி, மெல்லிய துடிப்பு படத்தில் ஓடும்.

ஒலிதான் இந்த ஊரில் கடினம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இலிருந்து இருக்கிறது, குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833-இலிருந்து. இரண்டும் சில நிமிட நடை. வசனத்தின் நடுவே பாங்கோ மணியோ பதிவாகிவிட்டால் அந்தக் காட்சியை வெட்டி ஒட்ட முடியாது, ஒவ்வொரு வெட்டிலும் ஓசை தாவும். தொழுகை நேரத்தைப் பார்த்துப் படப்பிடிப்பை நிறுத்துங்கள். பாங்கை முழுமையாகத் தனியே பதிவு செய்யுங்கள், சண்டைக் காட்சிக்குப் பின்னணியாக மட்டும் போடாதீர்கள். கடை மின்விசிறியை நிறுத்திவிட்டு வசனத்தை எடுங்கள், பிறகு அதன் ஓசையை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். தையல் இயந்திரத்துக்கும் அப்படியே.

அனுமதி விஷயத்தில் சோம்பல் கூடாது. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸிடம் படப்பிடிப்புச் சான்றிதழ், தெருவுக்கு மாநகர் மன்றம், பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் அந்தந்த நிர்வாகம், பொதுத் திரையிடலுக்கு முன் தணிக்கை வாரியம். 2023-இல், வளரிளம்பெண் ஒருத்தி பிற மதங்களை அறிய முயலும் மலேசியப் படம் ஒன்றை உள்துறை அமைச்சு தடை செய்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் இயக்குநர் மீதும் தயாரிப்பாளர் மீதும் மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய தண்டனைச் சட்டம் 298-ஆம் பிரிவில் குற்றம் சாட்டப்பட்டது. பையன் பள்ளிவாசலுக்குள் தொழுகை வரிசையில் நிற்பதுபோல் ஒரு காட்சி உங்கள் பிரதியில் இருந்தால், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்து மாற்றி எழுதிவிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.