மே மாதத்தின் மூன்று சனிக்கிழமைகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊருக்கு 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஆனால், இங்குள்ள தமிழர் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊரைச் சுற்றிச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. இந்நாட்டில் செம்பனை வணிக நோக்கில் முதன்முதலாக நடப்பட்டது 1917இல், இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் காலியாகி மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு தோட்டத் திடல்கள் பல புதர் மண்டிப்போனதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மிஞ்சிய திடல் ஒன்றில், ஜூன் முதல் ஆகஸ்டு வரை, ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான காற்பந்துத் தொடர் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். மொத்தம் ஆறு குழுக்கள். குழுவுக்குப் பன்னிரண்டு பேர். களத்தில் ஏழு பேர் கொண்ட ஆட்டம்.

பிள்ளைகளைச் சேர்ப்பது எளிது. பயிற்றுநர்களைத் தயார் செய்வதுதான் பெரும்பாடு. இவ்வாண்டு புலனக் (வாட்சாப்) குழுவில் அறிவிப்பு வெளியிட்டதும் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். லோரி ஓட்டுநர்கள் மூவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், அரசு மருந்தகத்தில் பணிபுரியும் தாதி ஒருவர், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள் சிலர். இவர்களில் பெரும்பாலோர் இளமையில் தோட்டக் குழுவுக்காக ஆடியவர்கள். எல்லாருக்கும் காற்பந்து தெரியும். தமக்கு எப்படிக் கற்றுத்தரப்பட்டதோ அப்படியேதான் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணமும் எல்லாருக்கும் உண்டு. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பழக்கம் எங்கள் பயிற்சித் திடல்களுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் நெடுநாளைய சந்தேகம். அதனால்தான் தொடர் தொடங்குவதற்கு முன், மே மாதத்தில் மூன்று சனிக்கிழமை மாலைகளைப் பெரியவர்களுக்கென்றே ஒதுக்குகிறேன்.

முதல் சனிக்கிழமை நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வந்தவர்களில் பன்னிரண்டு பேரை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே ஒரு பந்தைக் கொடுத்து, ஐந்து கூம்புகளுக்கிடையே பந்தை உருட்டிச் சென்று கோலை நோக்கி உதைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னேன். நம் ஊரில் எந்தத் திடலுக்குப் போனாலும் காணக்கூடிய பயிற்சிதான் இது. ஒருவர் போய் முடிக்க ஏறத்தாழ பதினைந்து விநாடிகள் ஆகும். பன்னிரண்டு பேர் என்றால் ஒருவருக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறைதான் பந்து கிடைக்கும். இருபது நிமிடம் நடத்தினால் ஆறு முறை, மிஞ்சிப்போனால் ஏழு முறை. மற்ற பதினெட்டு நிமிடங்களும் அவர் சும்மா நிற்கிறார். இந்தக் கணக்கை நான் வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். நின்று பார்த்தால் மறக்க மாட்டார்கள். மூன்றாவது சுற்றிலேயே லோரி ஓட்டுநர் ஒருவர் கைப்பேசியை வெளியே எடுத்துவிட்டார். வரிசையின் வால்பகுதியில் இருவர் டீசல் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆசிரியை மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, "சார், என் வகுப்புல இப்படி நின்னா இந்நேரம் ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டிருப்பாங்க," என்றார்.

பிறகு பதினான்கு பேரையும் இரண்டு சிறிய களங்களாகப் பிரித்து, மூவருக்கு எதிராக நால்வர் என்று ஆட விட்டேன். கோல் காவலர் இல்லை. கழற்றிப் போட்ட சிலிப்பர்களே கோல் கம்பங்கள். பத்தே நிமிடத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. பந்தைத் தொடாமல் ஒரு நிமிடம்கூட ஒருவராலும் கழிக்க முடியவில்லை. ஆள் குறைந்த பக்கம் தானாகவே பந்தைக் கைமாற்றி ஆடத் தொடங்கியது. அதை நான் சொல்லித்தரவே இல்லை. இதைத்தான் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டும் என்றேன். வந்தவுடன் சிறு ஆட்டம், நடுவில் ஒரே ஒரு பாடம், முடிவில் மறுபடி ஆட்டம். நடுவில் வரும் பாடத்தை அரை நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அதை இன்னும் வீட்டில் யோசிக்கவில்லை என்று பொருள்.

உடலைச் சூடேற்றும் பயிற்சிக்கு, ஏழு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்ட 'ஃபிஃபா 11 பிளஸ் கிட்ஸ்' முறையைக் காட்டினேன். அதில் ஏழே பயிற்சிகள்தான். ஒற்றைக் காலில் நின்று சமநிலை காப்பது, குதித்து இறங்குவது, விழும்போது உருண்டு எழுவது போன்றவை. இதை ஒழுங்காகச் செய்த குழுக்களில் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன என்று ஐரோப்பாவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. விழக் கற்றுக்கொடுப்பதா என்று சிலர் சிரித்தார்கள். எங்கள் திடலின் மண்ணை அறிந்தவர்கள் சிரிக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை நான் வைத்திருந்த திட்டத்தை வானமே மாற்றியது. மே மாதத்தில் மேற்குக் கரையில் மாலை இடிமழைக்குக் குறைவில்லை. தொடரை ஜூனுக்குத் தள்ளி வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். ஐந்தரை மணியளவில் சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் கறுத்து வந்தது. மின்னலைக் கண்டதும் எல்லாரையும் சத்தமாக எண்ணச் சொன்னேன். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும் வரை திடலில் கால் வைக்கக்கூடாது. நாங்கள் இருபத்திரண்டு வரை எண்ணியபோது இடித்தது. எல்லாரும் வழக்கம்போலத் திடலோரத் தகரக் கொட்டகையை நோக்கி ஓடினார்கள். நான் தடுத்தேன். நாற்புறமும் திறந்த கொட்டகையும் தூங்குமூஞ்சி மரத்தடியும் மழையிலிருந்து காக்கும், மின்னலிலிருந்து காக்காது. சுவருள்ள கட்டடம் வேண்டும். இல்லையென்றால் கண்ணாடிகளை ஏற்றிய கார் வேண்டும். ஆகவே அன்றைய வகுப்பின் எஞ்சிய பகுதி ஒரு வேனிலும் நான்கு கார்களிலும், புலனத்தில் குரல் பதிவுகளாக நடந்தது. இனி ஆட்ட நாள்களில் எத்தனை கார்கள் திடலருகே நிற்கின்றன என்று முன்கூட்டியே எண்ணிவைக்க வேண்டும் என்பதும் அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

மழை விட்டதும் கொட்டகையில் தே தாரிக் எனும் பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நான் ஆண்டுதோறும் சொல்லத் தயங்கிப் பிறகு சொல்லிவிடும் ஒன்றைச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே பொறுப்பேற்றிருந்த ஆட்டம் அது. பதினொரு வயதுப் பையன் ஒருவன் எதிரணிப் பையனுடன் தலையோடு தலை மோதி விழுந்தான். எழுந்து உட்கார்ந்து சிரித்தான். நான் ஓடிப்போய் நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்து, தண்ணீர் கொடுத்து, "ஒன்னும் இல்லல்ல?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியிலேயே எனக்கு வேண்டிய பதில் இருந்தது. அவனும் அதையே சொன்னான். நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். அவனைத் திரும்ப ஆட விட்டேன். சிறிது நேரம் கழித்து, இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியிருந்ததை மறந்து, அவன் எங்கள் கோலை நோக்கியே பந்தை ஓட்டி வந்தான். பார்வையாளர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு அவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான்; மருத்துவமனையில் ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். நல்ல வேளையாக வேறு கேடு எதுவும் இல்லை. அவனுடைய தாயார் என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

தாதி இதைக் கேட்டுவிட்டு விதியை எல்லாருக்கும் புரியும்படி எடுத்துரைத்தார். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தாலே போதும், அன்று அவன் மீண்டும் ஆடக்கூடாது. மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே படிப்படியாகத் திரும்ப வேண்டும். நினைவு தப்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை. குழப்பம், தலைவலி, தடுமாற்றம், வெளிச்சத்தைக் கண்டு முகம் சுளித்தல், வழக்கத்துக்கு மாறான மௌனம் ஆகியவையும் அடையாளங்களே. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பிள்ளையிடம், "ஒன்னும் இல்லல்ல?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இப்ப எந்தப் பக்கம் கோல் அடிக்கிறோம்? கடைசியா யாரு கோல் போட்டா?" என்று கேட்கச் சொன்னேன். பந்தைத் தலையால் முட்டும் பயிற்சி எங்கள் தொடரில் இல்லை. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் அதைத் தவிர்க்குமாறு வழிகாட்டியிருக்கிறார்கள். நமக்கும் அதனால் இழப்பு ஏதுமில்லை.

மூன்றாவது சனிக்கிழமை பேச்சே மிகுதி. ஒவ்வொரு குழுவுக்கும் ஏன் இரண்டு பயிற்றுநர்கள் என்று கேட்டார் ஒருவர். ஒரு பிள்ளையுடன் ஒரு பெரியவர் தனித்திருக்கும் நிலை எப்போதும் ஏற்படக்கூடாது என்பதே முதல் காரணம். பயிற்சி முடிந்து பெற்றோர் வரத் தாமதமானால் இருவருமே காத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் பிள்ளையைத் தனியாக ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பக்கூடாது, எதுவானாலும் பெற்றோர் இருக்கும் குழுவில்தான். 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தைப் பற்றி அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம் என்பதையும், ஐயம் இருந்தால் 'தாலியான் காசே' உதவிச் சேவையின் 15999 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதையும் சொன்னேன். "நம்ம ஊர்ல எல்லாரும் தெரிஞ்சவங்கதானே," என்றார் ஒருவர். தெரிந்தவர்கள் என்பதால்தான் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் அவரும் அவருடைய நண்பரும் விலகிக்கொண்டார்கள். பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். ஆறு குழுக்களுக்குச் சரியான எண்ணிக்கைதான், எனக்கு வருத்தமில்லை.

புகைமூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே பேசினோம், எல்லாருக்கும் பழகிய தொல்லை என்பதால். வறண்ட மாதங்களில் ராஜா மூசா காட்டின் கரிமண் தீப்பற்றினால் எங்கள் ஊர்தான் முதலில் இருமும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளைப் போலவே நாங்களும் வெளிப்புறப் பயிற்சியை நிறுத்திவிடுவோம். பந்து நான்காம் எண். ஐந்தாம் எண் பந்து இந்த வயதுக் காலுக்குப் பெரிது. மேற்கொண்டு கற்க விரும்புவோர் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் 'டி' உரிமப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் தொடருக்கு அது கட்டாயமில்லை.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது யாரை எங்கே ஆட வைப்பது என்ற விவாதம். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் பேச்சு வராமல் எங்கள் ஊரில் காற்பந்துக் கூட்டம் முடியாது. 1980இல் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பிறகு நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போகாமலே இருந்த மலேசியக் குழுவின் கோல் காவலர் அவர். 1988இல் சாலை விபத்தில் இறந்தார். அவருடைய நீண்ட கைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள், ஒன்பது வயதில் உயரமாக இருக்கும் பையனைக் கண்டதும் கையுறையை மாட்டிவிடுகிறார்கள். அவனுக்கு அதன்பின் காலால் ஆடும் வாய்ப்பே இல்லை. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் எல்லா இடங்களிலும் சுற்றி ஆட வேண்டும் என்பதும், ஒவ்வொருவரும் ஆட்டத்தில் பாதி நேரமாவது களத்தில் இருக்க வேண்டும் என்பதும் எங்கள் விதிகள்.

உயரத்தோடு பிறந்த மாதத்தையும் பாருங்கள் என்றேன். நம் வயதுப் பிரிவுகள் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு; ஒன்பது வயதில் அந்தப் பதினொரு மாத இடைவெளி அவர்கள் வாழ்ந்த காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தேர்ந்தெடுக்கப்படும் இளையோர் குழுக்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்து பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் திறமை என்று நினைப்பதில் ஒரு பகுதி வெறும் பிறந்த நாள்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த குலை வெட்டும் தொழிலாளி அப்போதுதான் பேசினார். "அண்ணே, நாங்க மரத்தோட ஒசரத்தப் பார்த்துக் குலைய வெட்ட மாட்டோம். கீழ உதிர்ந்து கிடக்கிற பழத்தப் பார்த்துதான் வெட்டுவோம். முத்தாத குலைய அனுப்புனா மில்லுல கழிச்சுருவான்." ஒருவரும் சிரிக்கவில்லை. லோரி ஓட்டுநர் ஒருவர் மட்டும், இவரையே எனக்குத் துணைப் பயிற்றுநராகப் போடுங்கள் என்றார். போட்டேன்.

பெற்றோரின் கூச்சல் கடைசியாக வந்தது. 2010இல் நம் நாட்டுக்கு ஆசியான் கிண்ணம் வாங்கித் தந்த பயிற்றுநர் கே. ராஜகோபாலே எல்லைக்கோட்டருகே நிற்பதுபோல் நினைத்துக்கொண்டு, "அடிடா! வெட்டுடா!" என்று கத்தும் தகப்பனார்கள் ஒவ்வொரு குழுவிலும் இருவராவது உண்டு. அவர்களைப் பார்வையாளர் பக்கத்துக்கு அனுப்புவது தொடர் குழுவின் வேலை, பயிற்றுநரின் வேலை அன்று என்று முடிவு செய்தோம். பயிற்றுநர் செய்ய வேண்டியது, பந்து ஒரு பிள்ளையின் காலில் இருக்கும்போது தாமும் வாயை மூடிக்கொண்டிருப்பது. இதை ஒத்திகை பார்த்தோம். பதினைந்து நிமிட ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே ஐந்து பேர் தோற்றார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

சென்ற வாரம் குழுக்களுக்குப் பைகளைப் பிரித்துக் கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பந்துகள், கூம்புகள், இரண்டு நிறங்களில் மேற்சட்டைகள், காற்றடிக்கும் ஊசி, முதலுதவிப் பெட்டி, பெற்றோர் தொலைபேசி எண்கள் எழுதிய அட்டை. குலை வெட்டும் தொழிலாளி வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கைச்சட்டையில் செம்பனை நார் ஒட்டியிருந்தது. நாற்பது பக்கப் பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார். தம் குழுவின் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர்களையும் பென்சிலால் எழுதியிருந்தார். ஆடும் இடத்தைக் குறிக்க வேண்டிய கட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த மாதம் இருந்தது. இரண்டு பெயர்களுக்கு மட்டும் கட்டம் காலியாக இருந்தது. இன்று இரவு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினார்.